மாவுக்கு ஒரு ஜோடி

என் நாத்தனாரோடு செருப்புக் கடைக்குப் போனால் அன்றைய பொழுது அவ்வளவுதான். நான் ஒரு ஜோடியை எடுத்து, காலில் மாட்டி, கண்ணாடியில் பார்த்து, மனசுக்குப் பிடித்து, பில் போடச் சொல்லப் போகும் நேரத்தில் அவர் குனிந்து பார்ப்பார். "இது ஜோடி இல்லம்மா" என்பார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்தது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார். நாத்தனார் இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வலது காலின் முன்பக்கம் ஒரு பொட்டு மங்கலாக இருப்பதைக் காட்டுவார். காட்டிய பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் பிறகு அது ஒன்றுதான் தெரியும். இப்படி நான் வாங்காமல் விட்டுவந்த செருப்புகளை வைத்து ஒரு கடையே போடலாம்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். ஷூ ஃபேக்டரியில் ஜோடி சேர்க்கும் மேசையில் இருபத்தேழு வருடமாக வேலை. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு முடித்த ஷூக்கள் கடைசியாக அவர் முன்னால் வந்து நிற்கும். இடதும் வலதும் சேர்ந்துதான் வரும். ஆனால் சேர்ந்து வந்ததெல்லாம் ஜோடி ஆகிவிடாது என்பது அவருடைய கட்சி. ஒரே தோலில் முதுகுப் பக்கம் வெட்டியது ஒரு சாயலாகவும் வயிற்றுப் பக்கம் வெட்டியது இன்னொரு சாயலாகவும் இருக்குமாம். குழல்விளக்குக்கு நேர்கீழே இரண்டையும் வைத்துப் பார்ப்பார். பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வலது கட்டைவிரலால் தடவுவார். விரல் சம்மதித்தால் பெட்டிக்குள் போகும். சம்மதிக்காவிட்டால் ஓரத்திலுள்ள சிவப்புத் தட்டுக்குப் போகும். அந்தத் தட்டில் கிடப்பவற்றுக்கு அங்கே 'ஒத்தை' என்று பெயர். மதியத்துக்கு மேல் ஒத்தைகளை எல்லாம் மேசையில் பரப்பி, எதற்கு எது என்று தேடிச் சேர்ப்பார். அவர் சேர்த்த ஜோடி ஒன்றுகூட இதுவரை குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று அவரோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். காய்ந்த காலுறைகளை நான் மடிக்கக் கூடாது. டம்ளர்களை அவர் அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று சத்தமே இல்லாமல் உட்காரும். பஸ்ஸில் மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரரைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசினாலும் யாரென்று அவருக்குப் பிடிபடாது. "ஓ, இடது குதிகால் தேய்ஞ்சவரா?" என்று கடைசியில் கேட்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று நேராகவே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க மைக்கில் கத்துகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அவர் சிரித்துக்கொண்டே "சைஸ் கிடைக்கலைம்மா" என்றார்.

முயல்கள் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஃபேக்டரியில் தையல் பிரிவில் இருந்த ஒரு அம்மா வீடு மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். பெண் முயல் முழு வெள்ளை, அது மாவு. ஆண் முயல் கொஞ்சம் மங்கிய நிறம், இடது காதில் மட்டும் ஒரு பழுப்புத் தீற்றல். அது ரவை. இரண்டுக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தது. குட்டி போட்டுப் பெருகாது என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாடியில் பாதி அறைக்குக் கம்பிவலை அடித்து, ஒரு மரப்பெட்டி வைத்து, இரண்டையும் குடிவைத்தார். என் ஃபோன் சார்ஜரை ஒருமுறை கடித்துத் துண்டாக்கியதைத் தவிர எனக்கும் அவற்றுக்கும் பெரிதாகப் போக்குவரத்து இல்லை. முயலுக்கு என்ன தெரியும், தின்னும், தூங்கும், புழுக்கை போடும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

போன மாதம் ஒரு காலையில் ரவை செத்துப்போனது. வயிற்றில் கட்டி இருந்து, நான்கைந்து நாள் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. கால்நடை மருத்துவர், உடனே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், கொஞ்ச நேரம் மாவு பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு துணியில் கிடத்தி உள்ளே வைத்தோம். மாவு வந்து மூக்கைச் சுற்றி முகர்ந்தது. ரவையின் காதைப் பல்லால் மெதுவாகப் பிடித்து இழுத்தது. எழுந்திரு என்று சொல்வது எனக்கே புரிந்தது. பிறகு நெற்றியை நக்கியது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தது, மறுபடியும் வந்து நக்கியது. ஒரு மணி நேரம் போனது. அதற்குப் பிறகு மூலைக்குப் போய் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. வேலைக்குக் கிளம்பியவள் நான், கையில் சாப்பாட்டுப் பையோடு அங்கேயே நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து மாவு சாப்பிடவில்லை. புல் அப்படியே கிடந்தது. கொத்தமல்லிக்கட்டை மூக்குக்கு முன்னால் ஆட்டினாலும் திரும்பவில்லை. மருத்துவர் மாவின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார்.

"முயலுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா ஒரு நாளுக்கு மேல தாங்காது. இந்தப் பவுடரைக் கரைச்சு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சுல வாயோரமா விடுங்க."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"அதுவா சாப்பிடுற வரைக்கும். ஆனா நான் உண்மையைச் சொல்லிடறேன். இதோட வயித்துல ஒண்ணும் இல்லை, ஏக்கம்தான். இன்னொரு முயல் வந்தா எழுந்திருக்கலாம். இப்படியே விட்டா பத்து நாள் தாண்டறது கஷ்டம்."

வெளியே வந்ததும் நாத்தனார், "நல்ல டாக்டர். ஆனா செருப்பு ரெண்டும் வேற வேற வருஷத்துல வாங்கினது" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக நீண்ட லீவு போட்டார். அலாரம் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாவை மடியில் போட்டு, துளித்துளியாக விட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மாவு நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே வந்தது.

மருத்துவர் ஒரு முகவரி கொடுத்திருந்தார். தெருவில் விட்டுவிட்டுப் போன முயல்களை எடுத்து வளர்க்கும் காப்பகம். ஆறாம் நாள் நானும் நாத்தனாரும் போனோம். காப்பகம் என்று பெயர்தான், ஒரு பழைய வீடு. அறைக்கு அறை கம்பிவலைத் தடுப்புகள், வீடெங்கும் உலர்ந்த புல் வாசனை. நடத்துகிற அம்மா முன்பு நூலகத்தில் வேலை பார்த்தவராம். அவ்வளவு மெதுவாகப் பேசினார். என் குரல் கேட்டதும் இருபது ஜோடிக் காதுகள் ஒரேசமயத்தில் நிமிர்ந்தன.

"உங்க முயலைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார் நூலகத்தம்மா. "அதுதானே பார்த்துச் சொல்லணும்?"

"அவளுக்கு முடியலைங்க. அலைக்கழிக்க வேணாம்னு நானே வந்தேன்" என்றார் நாத்தனார். "எனக்குக் கண் பழக்கம் உண்டு."

சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுப்பு தடுப்பாக நடக்க ஆரம்பித்தார். மேசையில் பரப்பிய ஒத்தைகளுக்கு நடுவே அவர் இப்படித்தான் நடப்பார் என்று எனக்குப் புரிந்தது. மூன்றாவது அறையில் நின்றுவிட்டார். மங்கிய நிறம், இடது காதில் பழுப்புத் தீற்றல், அதே உடம்பு, அதே உயரம். கட்டைவிரலால் முதுகைத் தடவிப் பார்த்தார். ரவையே எழுந்து வந்ததுபோல இருந்தது.

"கண்ணுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் நூலகத்தம்மா. "ஆனா அதுங்களுக்குக் கண்ணு பெரிய விஷயம் இல்லைம்மா. சரி, ஒரு வாரம் வைச்சுப் பாருங்க. உடனே சேர்த்துடாதீங்க. தனித்தனியா வைச்சு, விரிப்பை மாத்தி மாத்திப் போட்டு, ஒண்ணோட வாசனை இன்னொண்ணுக்குப் பழகணும். அப்புறம் ரெண்டுக்கும் தெரியாத ஒரு தரையில விடணும். மறந்துடாதீங்க."

நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மாடி ஏறியதும், கூடையைத் திறந்து, புது முயலை நேராக ரவை படுக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"அக்கா, அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஜோடியைக் கண்டுபிடிச்சாச்சு. இனிமே எதுக்குத் தள்ளித் தள்ளி வைக்கணும்?" என்றார். அவர் மேசையில் அப்படித்தான். சேர்ந்தது தெரிந்துவிட்டால் அந்த நொடியே பக்கத்தில் வைத்துவிடுவார்.

இரண்டு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, ஆறு நாளாகத் தலை தூக்காமல் கிடந்த மாவு, எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை, தாவியது. இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. ரோமம் அறையெங்கும் பறந்தது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாத்தனார் யோசிக்காமல் கையை உள்ளே விட்டார். யாருடைய பல் என்று தெரியாது, வலது கட்டைவிரல் நகத்துக்குக் கீழே கிழிந்துவிட்டது. நான் துடைப்பத்தை நடுவில் விட்டுப் பிரித்தேன். மாவின் மூக்கில் ரத்தம். பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு மட்டும் ஏறி இறங்க, கிடந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "கண் பழக்கமாம், விரல் பழக்கமாம்! பெரிசா ஜோடி சேர்க்க வந்துட்டீங்க! ஜோடின்னா என்னன்னு உங்களுக்கு என்னக்கா தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

மாடிப்படியில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நாத்தனாரின் விரலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை. சொன்னதைத் திரும்ப விழுங்க முடிந்தால் அந்த நிமிடம் விழுங்கியிருப்பேன்.

விரலுக்கு மூன்று தையல் போட்டார்கள். மாவுக்கு மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, மூக்குக் காயம் பெரிதில்லை, ஆனால் இப்போது சிரிஞ்சில் விடுவதையும் துப்புகிறதே என்று கவலைப்பட்டார். "நாளைக்குள்ள அதுவா ஏதாவது வாயில வைக்கணும்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்த வேனிலேயே காலையில் காப்பகத்துக்குக் கிளம்பினோம். நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு போகும் வண்டியில் நாங்கள் மூன்று பேரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். மாவு இருந்த கூடை நாத்தனார் மடியில். திருப்பிக் கொடுக்கவேண்டிய முயல் என் மடியில். பாதி வழியில் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் நேத்து அப்படிப் பேசினது..."

"நீ பேசினதுல தப்பில்லை" என்றார் வெளியே பார்த்துக்கொண்டு. "ஆனா அவ்வளவு சத்தமா பேசியிருக்க வேணாம். மாவு பயந்துட்டா."

முன்னால் என் வீட்டுக்காரரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

நூலகத்தம்மா எங்களைத் திட்டவில்லை. நாத்தனாரின் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார், கூடையில் கிடந்த மாவைப் பார்த்தார், நேராகத் தன் சமையலறைக்கு அழைத்துப் போனார். முயல் எதுவும் கால் வைக்காத இடம் அது ஒன்றுதானாம். தரையை ஈரத்துணியால் துடைத்து, பழைய போர்வையை விரித்து, மாவை நடுவில் விட்டார். "நீங்க யாரும் தேர்ந்தெடுக்க வேணாம். சும்மா உட்காருங்க" என்றார். சுவரோரமாக மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

முதலில் வந்தது ஒரு இளவட்டம். மாவைச் சுற்றிச் சுற்றி ஓடி ஆர்ப்பாட்டம் பண்ணியது. உடனே தூக்கிவிட்டார். அடுத்தது காது தொங்கும் ஒன்று, மாவைப் பார்த்ததும் அடுப்பு மேடைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. மூன்றாவதைக் கண்டதும் மாவு பின்னங்காலால் தரையைத் தட்டியது. அந்தச் சத்தத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார். மாவு போர்வை நடுவில் வயிறு ஒட்டிப் படுத்துவிட்டது. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

நூலகத்தம்மா வாசலில் தயங்கினார். "இன்னொருத்தர் இருக்கார். நாலு வருஷமா அவரை யாரும் கேட்டதில்லை. பார்த்தா உங்களுக்குப் பிடிக்காது."

"யாருங்க?"

"கிழவர்னு கூப்பிடுவோம்."

கிழவரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. மாவைப்போல இரண்டு மடங்கு உடம்பு. சாம்பலும் கறுப்பும் கலந்த, ஒழுங்கில்லாத நிறம். ஒரு காது பாதி இல்லை. இடது கண் இருக்க வேண்டிய இடம் தைத்து மூடியிருந்தது. வாய் ஒட்டிய அட்டைப்பெட்டியில் சாக்கடை ஓரத்தில் கிடந்தவராம். நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவருக்கு ஒரு பார்வை போதும், சிவப்புத் தட்டுக்கு அனுப்பிவிட்டார். "சேராது" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

கிழவர் அவசரப்படவில்லை. போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்து, மாவைப் பார்க்காமலே, முன்னங்கால்களை நக்கி முகம் கழுவ ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்த ஆள் முதலில் கைகால் கழுவிக்கொள்வதுபோல இருந்தது. மாவின் காது திரும்பியது. தலை திரும்பியது. பிறகு அதுவும் மெதுவாக எழுந்து தன் முகத்தைக் கழுவிக்கொண்டது. ஏழு நாளாக அது தன் முகத்தைத் துடைத்துக்கொண்டதே இல்லை. நூலகத்தம்மா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

மாவு நகர்ந்தது. ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. கிழவருக்கு முன்னால் போய், தாடை தரையில் படும்படி தலையைத் தாழ்த்திக்கொண்டது. கிழவரும் அதே நிமிடம் தலையைத் தாழ்த்தினார். இரண்டு தலைகளும் நெற்றியோடு நெற்றி உரச, தரையில் கிடந்தன.

"வணக்கம் சொல்லிக்கிறாங்களா?" என்று கேட்டேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை.

"இல்லைம்மா. 'என்னை நக்கு'ன்னு கேட்கறாங்க. ரெண்டு பேரும் கேட்கறாங்க. யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். சில முயலுங்க இதுலயே முறிச்சுக்கும்."

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. என் கால் மரத்துப்போனது. பதினோரு நிமிடம். சுவர்க் கடிகாரம் நேரெதிரே இருந்ததால் சரியாகச் சொல்ல முடிகிறது. பதினோரு நிமிடம் ஒரு கூட்டம் அசையாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

கிழவர் தலையைத் தூக்கினார். அவர் குனிந்து, மாவின் இரண்டு கண்களுக்கும் நடுவில், காயம் பட்ட மூக்குக்கு மேலே, ஒரு தடவை நக்கினார். பிறகு இன்னொரு தடவை. பிறகு நிறுத்தவே இல்லை. மாவின் இமைகள் பாதி மூடின. பற்கள் மெல்ல உரசும் சத்தம் கேட்டது. அது சந்தோஷத்தில் வரும் சத்தம் என்று நூலகத்தம்மா உதட்டசைவில் சொன்னார்.

எவ்வளவு நேரமோ. கிழவருக்குப் பசித்திருக்க வேண்டும். திரும்பி, ஓரத்தில் கிடந்த புல்லில் ஒரு தாளை உருவி மெல்ல ஆரம்பித்தார். நீளத் தாள், வாயிலிருந்து வெளியே ஆடிக்கொண்டிருந்தது. மாவின் மூக்கு அசைந்தது. எட்டி, அந்தத் தாளின் மறுநுனியை வாயில் வைத்தது. நறுக் என்று ஒரு சத்தம். மறுபடியும் நறுக்.

ஒரு முயல் புல் தின்னும் சத்தத்தைக் கேட்டு நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அழுதேன். கட்டுப் போட்ட கையால் நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வலித்திருக்கும், ஆனாலும் விடவில்லை.

இந்த முறை சொன்னதைச் சொன்னபடி கேட்டோம். மாடி மாவுக்குப் பழகிய இடம், அங்கே உடனே வேண்டாம் என்றார்கள். அதனால் எங்கள் ஹாலைக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை. சோபாவை நகர்த்தி, கம்பிவலையைக் கட்டி, சார்ஜர்களை எல்லாம் உயரத்தில் மாட்டினேன். மாவு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஆனால் எடை ஏறவில்லை. இன்னும் பயம் விட்டுப்போகவில்லை, இரண்டு வாரம் தாண்டட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நாத்தனாருக்கு வேறு ஒரு குடைச்சல். வேலைக்குப் போய்விட்டு வந்ததும் ஹால் தரையில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்.

"எதுல சேர்ந்துதும்மா இது? நிறம் இல்லை, அளவு இல்லை, வயசு இல்லை. நான் எதைப் பார்க்காம விட்டேன்?"

"எல்லாத்துக்கும் காரணம் இருக்கணுமாக்கா?"

"ஜோடின்னா இருக்கும்" என்பார். கிழவரின் காதை, காலை, முதுகை மறுபடியும் ஆராய்வார். கிழவர் சகித்துக்கொள்வார்.

கிழவர் வந்த ஒன்பதாம் நாள் காலை. நான் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. கத்தலாக இல்லை, காற்றாக வந்தது. "ஏம்மா, இங்க வா. வாயேன்."

ஓடினேன். மாவு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நான்கு கால்களும் விறைத்து நீட்டியிருந்தன. வெள்ளை வயிறு தெரிந்தது. கழுத்து பின்னால் சாய்ந்து, கண் மூடியிருந்தது. இரண்டு வருடத்தில் மாவின் கண் மூடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பயந்த முயல் கண்ணைத் திறந்துகொண்டேதான் தூங்கும். ரவையும் பயந்த சுபாவம், மாவும் பயந்த சுபாவம். கரண்டி விழுந்தால் இரண்டும் சேர்ந்து எழுந்து ஓடும்.

"நான் தொட மாட்டேன்" என்றார் நாத்தனார். கட்டுப் பிரித்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "நீ பாரு. என்னால முடியாது."

வலையைத் தாண்டி உள்ளே போய் முட்டி போட்டேன். ரவையைத் துணியில் சுற்றி எடுத்தவளும் நான்தான். அந்த விறைப்பு என் கைக்குத் தெரியும். கையை நீட்ட எனக்கும் தைரியம் வரவில்லை. விரலை மட்டும் மாவின் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

சூடான காற்று பட்டது. மறுபடியும் பட்டது. முன்னங்கால் ஒன்று லேசாகத் துடித்தது, கனவில் எங்கோ ஓடுவதுபோல.

"அக்கா" என்றேன். "தூங்குறாக்கா. மாவு தூங்குறா."

நாத்தனாரும் வலையைத் தாண்டி வந்தார். மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, பிறகு முழுசாகப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து இரண்டையும் பார்த்தார். கிழவர் மாவை ஒட்டி, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. தைத்து மூடிய இடது பக்கத்தை மாவின் மேல் சாய்த்து, வலது கண்ணை வாசல் பக்கம் வைத்திருந்தார்.

"பாரு" என்றார் நாத்தனார். "அவருக்குக் கண்ணில்லாத பக்கம் எது? அந்தப் பக்கம்தான் இவ. ஒன்பது நாளும் அந்தப் பக்கத்தை விட்டு இவ நகரலை. நான் நிறத்தைப் பார்த்துட்டு இருந்தேன்." பிறகு அவர் வயிறு குலுங்கியது. சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாகத் தரையில் இறங்கியது. "அன்னைக்கு நான் ரெண்டு இடது காலைக் கொண்டுவந்து வைச்சு ஜோடின்னு சொல்லியிருக்கேன்மா. இத்தனை வருஷத்துல ஒரு நாள் இந்தத் தப்பைப் பண்ணினதில்லை."

நானும் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். எட்டரை மணி பஸ் எத்தனாவது மேடையில் நிற்கிறது என்று அன்றைக்கு ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். ஆறு அங்குலத்தில் இரண்டு பெரிய முகங்கள் இருந்தும் கிழவர் அசையவில்லை. அந்த ஒரு கண்ணால் எங்களையும் வாசலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மாவு விழிக்கவில்லை.